மோம் வரவில்லை

எல்லை முகாம், ஆறாம் பிரிவு
12 ஆகஸ்ட் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

புத்த மும்மணிகளின் அருளால் இங்கே நான் சுகம். அங்கே நீயும் உன் மகள் மாலிஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். தையல் மிஷின் மிதிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றால் நீ கேட்கவா போகிறாய்?

செஞ்சிலுவைக்காரர்கள் பலகையில் ஒட்டிய உன் சீட்டை நான் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. 'தம்பி ஊக் விசாலைத் தேடுகிறவள், அக்காள் ஊக் மோனிரியக்ஸ்மி' என்று அதில் எழுதியிருந்தாய். அந்தப் பெயரைப் பார்த்து அன்று இரவு முழுக்க அழுதேன். அதற்குப் பிறகு வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் 'மோம்' என்று கையெழுத்துப் போடுகிறாய். கறுப்புச் சட்டைக்காரர்கள் ஊரைக் காலி செய்து நம்மைச் சாலையில் நடத்திப் போனபோது அம்மா பயந்துபோய் உனக்கு வைத்த பெயர் அது. பதினேழு வருஷம் ஆகிவிட்டது. இன்னுமா அக்கா?

ஏன் சொல்கிறேன் என்றால், வருகிற மே மாதம் தேர்தல். வெளிநாட்டுக்காரர்கள் வந்து நடத்தித் தரப்போகிறார்கள். அக்டோபரில் வாக்காளர் பெயர் பதிவு. நீ போய் அப்பா வைத்த பெயரைக் கொடுக்க வேண்டும். ராஜா நாட்டை ஆள்கிறார் என்பதை நம் பாஷையில் நாட்டை உண்கிறார் என்றுதானே சொல்கிறோம்? மாகாணத்துக்கு அதிகாரியாகப் போகிறவனையும் தின்னப்போகிறவன் என்றுதான் சொன்னார்களாம். இவ்வளவு காலமும் தின்றவன் யாரும் நம்மைக் கேட்டுத் தின்னவில்லை. இந்தத் தடவைதான் நம்மைக் கேட்கப்போகிறார்கள். கேட்கும்போது நம் சொந்தப் பெயரில் பதில் சொல்ல வேண்டாமா?

பதில் எழுது. முகவரி முன்பு போலவே, சும் ருவன் மேற்பார்த்து.

உன் பிரியமான தம்பி
விசால்


சங்கே ஆற்றங்கரை, பட்டம்பாங், கம்பூச்சியா
3 செப்டம்பர் 1992

அன்புத் தம்பி விசாலுக்கு,

உன் கடிதம் டாக்சிக்காரர் கையோடு வந்து சேர்ந்தது. நானும் மாலிஸும் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? முகாமில் கொடுக்கிற டின் மீனையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

பெரிய பேச்சாளன் ஆகிவிட்டாய்டா. அரிசியும் டின் மீனும் வீட்டு வாசலுக்கு வந்தால் எனக்கும் இப்படிப் பேச வரும்.

உனக்கு அப்போது பதினைந்து வயது. அந்தச் சாலையோர மேட்டில் நீயும்தான் உட்கார்ந்திருந்தாய். 'எங்கள் அமைப்புக்குப் படித்தவர்கள் வேண்டும், உத்தியோகம் பார்த்தவர்கள் முன்னால் வந்து பெயர் கொடுங்கள், நாட்டைச் சேர்ந்து கட்டுவோம்' என்று கறுப்புச் சட்டைக்காரன் தேன் ஒழுகப் பேசினான். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். 'தேப் ஊக், மாகாண நீதிமன்ற எழுத்தர்' என்று கணீரென்று சொன்னார். நாட்டுக்கு நாம் தேவைப்படுகிறோம் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. சாயந்திரம் லாரியில் ஏறிப் போனார், அவ்வளவுதான்.

அன்று இரவு முழுக்க அம்மா என்னை 'மோம், மோம்' என்று கூப்பிட்டுப் பழக்கினாள். மோம் என்றால் வயற்காட்டுப் பெண். எழுத்துத் தெரியாதவள். மோனிரியக்ஸ்மி என்று வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும். அவர்கள் ஆண்ட அந்த மூன்று வருஷம் எட்டு மாதம் இருபது நாளும் மோம்தான் உழைத்தாள், மோம்தான் பிழைத்தாள். அவளுக்கு நான் நன்றி கெட்டவள் ஆக முடியாது.

யார் பெயர் கேட்டு நோட்டைத் திறந்தாலும் எனக்கு அந்த லாரிதான் தெரிகிறது. அதனால் இந்தப் பேச்சை விடு.

அது யாருடா சும் ருவன்? ஒவ்வொரு கடிதமும் அவர் மேற்பார்வையில் வருகிறதே. உன்னைவிட அவருக்கு என் கையெழுத்து நன்றாகப் பழகியிருக்கும்.

உன் நலம் கேட்கும் அக்கா
மோம்


எல்லை முகாம்
30 செப்டம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலமும் மாலிஸின் நலமும் அறியக் காத்திருக்கிறேன். இங்கே மூன்று நாளாக மழை. கூரையில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இப்போது கூரையே இல்லை, ஒட்டுதான் இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அப்பா கையைத் தட்டிவிட்டது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அக்கா, அப்பா செய்தது தப்பு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. கேட்டவன்தான் திருடன். சொன்னவர் பேரில் என்ன குற்றம்?

கல்லைக் கொண்டு மலை மாதிரிக் கோயில் எழுப்பிய ஜனம் நாம். ஒருபக்கம் சியாம்காரன் பிடுங்கினான், இன்னொரு பக்கம் அன்னாம்காரன் பிடுங்கினான், பிரெஞ்சுக்காரன் வந்து உட்கார்ந்தான். அப்போதெல்லாம் அழியாத ஜனத்தை நம் ஆளே பெயரைக் கேட்டுக் கேட்டு அழித்தான். மிச்சம் இருக்கிற நாமும் கள்ளப்பெயரில் ஒளிந்து திரிந்தால் அவன் ஜெயித்ததாகத்தானே ஆகும்? நல்ல அரசாங்கம் வானத்திலிருந்து குதிக்காது. அதற்குக் கூப்பிட்ட குரலுக்கு 'இருக்கிறேன்' என்று சொல்கிற மனிதர்கள் வேண்டும். இதற்கு மேல் உனக்கு நான் சொல்வது அழகில்லை, நீ மூத்தவள்.

கொஞ்சம் யோசி.

உன் தம்பி
விசால்


சங்கே ஆற்றங்கரை
25 அக்டோபர் 1992

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கூரை இப்போது எப்படி இருக்கிறது? ருவன் யார் என்று கேட்டேன், அதற்குப் பதிலே காணோம். பரவாயில்லை, கேட்டதை மறப்பவள் இல்லை நான்.

முன்னோருக்குப் படைக்கிற பதினைந்து நாள் முடிந்தது. விகாரைக்குச் சோறும் பலகாரமும் கொண்டுபோனேன். இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தால் பிக்கு வாசிப்பார் அல்லவா? இத்தனை வருஷமும் 'என் பெற்றோர்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை உன் கடிதம் மண்டையில் குடைந்துகொண்டே இருந்ததில் 'தேப் ஊக்' என்று எழுதிவிட்டேன். பெரிய பிக்கு வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இவர எனக்குத் தெரியுமே. கோர்ட்ல இருந்தவரு. எங்க நிலத்து வழக்குல அஞ்சு காசு வாங்காம நகல் எழுதிக் குடுத்தாரு. நீ அவருக்கு என்ன வேணும்மா?"

தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். செத்தவர்கள் பெயரை மைக் வைத்து வாசிக்கிறார்கள், உயிரோடு இருப்பவள் பெயரைச் சொல்லப் பயந்து ஓடுகிறேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

பதிவுக்காரர்கள் விகாரை மண்டபத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிறந்த தேதி யாருக்குத் தெரிகிறது? 'நான் முயல் வருஷம்', 'நான் பன்றி வருஷம், அறுவடை நேரம்' என்று ஆளுக்கொரு மிருகத்தைச் சொல்ல, மேசையில் இருக்கும் பெண் ஒரு அட்டையைப் பார்த்து வருஷமாக மாற்றி எழுதுகிறாள். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது பக்கத்து வீட்டு சான் வந்தான். ஆளுங்கட்சிக்கு ஊர்க்கணக்கெல்லாம் எழுதுகிறவன் அவன்தான், யார் வீட்டில் எத்தனை கோழி என்பது வரை தெரியும். "என்ன மோம் அக்கா, நீங்களும் வந்துட்டீங்களா?" என்றான். அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திட்டாதே.

உன் அக்கா
மோம்


சங்கே ஆற்றங்கரை
20 டிசம்பர் 1992

அன்புத் தம்பி விசாலுக்கு,

நலமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. முகாமில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மாலிஸ் தினமும் கேட்கிறாள்.

நீ பதில் எழுதாவிட்டாலும் நான் சொல்லத்தான் வேண்டும். பதிவு செய்துவிட்டேன்.

போன புதன்கிழமை பெரிய பிக்குவிடம் போய், "சாமி, நான் தேப் ஊக் மகள்" என்றேன். அவர் செருப்பைக் கூடப் போடாமல் என்னோடு மண்டபத்துக்கு வந்தார். தாள் எதுவும் இல்லாதவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் சாட்சி சொன்னால் போதுமாம். மேசைப் பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். "பேர் சொல்லுங்க பெரியம்மா" என்றாள். வாயால் சொல்ல எனக்கு இன்னும் பழகவில்லை. "எழுதிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டு ஒரு தாள் வாங்கி எழுதினேன். அவள் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. ரியக்ஸ்மில ஒரு எழுத்து வரணும். வாயில சொல்லமாட்டோம், ஆனா எழுதணும். அத விட்டுட்டீங்க."

என் பெயரை எனக்கே எழுத மறந்துபோயிருக்கிறது விசால். நீதிமன்ற எழுத்தர் மகள் நான்! வெட்கமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தப் பெண் சிலேட்டில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி எழுதிக் காட்டினாள். பார்த்து எழுதினேன். அப்படியே ஒரு போட்டோ எடுத்து, கண்ணாடித்தாள் ஒட்டி, சூடாகக் கையில் கொடுத்தார்கள். அட்டையை வாங்கிக்கொண்டு ஆற்றங்கரை வழியே நடந்தபோது முழங்கால் வலி கூடத் தெரியவில்லை. என்னவோ எனக்கு வேலை உயர்வு கிடைத்த மாதிரி நடந்தேன்.

ஊரில் யாருக்கும் தெரியாது, பெரிய பிக்குவையும் மாலிஸையும் தவிர. அவள் என் பெயரைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உனக்கு ரொம்பப் பெருசா இருக்கு" என்கிறாள்.

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். நீ எப்போது வருகிறாய்? ஜனவரியோடு பதிவு முடிகிறது.

உன் அக்கா


எல்லை முகாம்
9 ஜனவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். காய்ச்சல் வந்து போய்விட்டது. மாலிஸுக்கு என் ஆசி.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை. அப்பா இருந்திருந்தால் அந்த விட்டுப்போன எழுத்துக்காக உன் காதைத் திருகிவிட்டு, பிறகு தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

என் பயணம் தள்ளிப்போகிறது. பேருந்துப் பட்டியலில் ஏதோ குழப்பம். கவலைப்படாதே.

தம்பி
விசால்


சங்கே ஆற்றங்கரை
6 பிப்ரவரி 1993

விசாலுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்பதற்கு முன், நீ யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை ஒருத்தி ரவிக்கைத் துணியோடு கடைக்கு வந்தாள். முகாமிலிருந்து திரும்பி வந்தவள், அதுவும் ஆறாம் பிரிவு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அளவெடுக்கிறதை நிறுத்திவிட்டு, "எங்க தம்பி அங்கதாம்மா இருக்கான், விசால்னு பேரு, இடது புருவத்துல தழும்பு" என்றேன்.

"விசாலா? அப்படி யாருமில்லையே. புருவத்துல தழும்புன்னா நம்ம தச்சரு, ருவன். தாவி வீட்டுக்காரரு. தங்கமான மனுசன். அந்தக் குட்டிப் பொண்ணு அப்பா அப்பான்னு அவரு கால வுடாது."

மிச்ச அளவை எடுக்காமலே துணியை வாங்கி வைத்து அவளை அனுப்பிவிட்டேன்.

மேற்பார்த்துக் கொடுக்கிறவரே நீதானா? எனக்கு ஒரு தம்பி மனைவி, ஒரு மருமகள். துணி தைக்க வந்தவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? சொந்தப் பெயர், சொந்தப் பெயர் என்று ஆறு மாதம் என் உயிரை எடுத்தாயே. கள்ளப்பெயரில் ஒளிந்தால் அவன் ஜெயித்ததாக ஆகும் என்று எவ்வளவு அழகாக எழுதினாய்! என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டு நீ கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாய். ஜனவரியும் போய்விட்டது. ஊருக்கு உபதேசம் செய்தவனுக்கு ஓட்டு இல்லை.

உன் மேல் எனக்கு இருந்த மரியாதையெல்லாம் போயிற்று. அந்தக் குழந்தையின் பெயர் என்ன?

அக்கா


எல்லை முகாம்
20 பிப்ரவரி 1993

அக்காவுக்கு,

நீ திட்டியது அத்தனையும் சரி. தாவி நலம். குழந்தை நலம். நான் மட்டும் அவ்வளவாக நலம் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன் காட்டைக் கடந்து இங்கே வந்தபோது புதிதாக வருகிறவர்களுக்கு அட்டை கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அட்டை இல்லாவிட்டால் அரிசி இல்லை. பிடித்தால் திரும்பக் காட்டுக்கே தள்ளுவார்கள். ருவன் என்கிற தச்சர் மலேரியாவில் செத்துப்போனார். அவர் மனைவி தாவி, அவர் செத்ததை யாருக்கும் சொல்லாமல், சவத்தைப் புதைத்துவிட்டு, அட்டையை என்னிடம் நீட்டினாள். "அரிசி வாங்கி ரெண்டு பேரும் தின்போம்" என்றாள். தச்சு வேலையும் அவருடைய உளியை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். மூன்று வருஷம் கழித்து அவள் நிஜமாகவே எனக்கு மனைவி ஆனாள். இதை உனக்கு எப்படி எழுதுவது? செத்தவன் பெயரையும் சோற்றையும் மனைவியையும் எடுத்துக்கொண்டேன் என்றா?

குழந்தை பெயர் நிமோல். நாலு வயது. நம் வழக்கப்படி அப்பன் பெயர் முன்னால் வரும் அல்லவா? நாம் ஊக் மக்கள், அதனால் ஊக். என் மகள் ருவன் நிமோல். அவளை முழுப்பெயர் சொல்லி யாராவது கூப்பிடும்போதெல்லாம் எனக்கு யாரோ அறைகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் உன்னை அப்படி நச்சரித்தேன். என்னால் முடியாததை நீயாவது செய்தால் போதும் என்று இருந்தது.

எனக்கு ஓட்டு இன்னும் போய்விடவில்லை. கடைசியாகத் திரும்புகிறவர்களுக்கு எல்லைக்கு உள்ளே இறங்கும் இடத்திலேயே பதிவு செய்கிறார்களாம். ஆனால் அட்டை பொய் என்று சொன்னால் பேருந்தில் இடமும், அங்கே தரப்போகிற அரிசியும் மூன்று பேருக்கும் போய்விடும் என்கிறார்கள். ருவன் என்றே போய்விடலாம் என்று தாவி சொல்கிறாள். பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி


சங்கே ஆற்றங்கரை
12 மார்ச் 1993

அன்புத் தம்பிக்கும் தாவிக்கும்,

நலம். உங்கள் மூவரின் நலம் வேண்டி விகாரையில் ஊதுவத்தி ஏற்றினேன். தாவியிடம் சொல், செத்தவன் அட்டையைக் கொடுத்து என் தம்பிக்குச் சோறு போட்டவளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நிமோலின் உயரம், இடுப்பளவு இரண்டையும் ஒரு நூலில் முடிச்சுப்போட்டு அனுப்பு. அவளுக்கு ஒரு பாவாடை தைக்க வேண்டும். உன்னைத் திட்ட வேண்டியது பாக்கி இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு சங்கதி நடந்துவிட்டது. கட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்து வாக்காளர் அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறார்கள். சான் வந்தான். அட்டையை நீட்டும்போது பெயர் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். அவன் பெயரைப் பார்க்கவே இல்லை. "உங்க பேர்தான் தெரியுமே, நம்பரக் காட்டுங்க" என்று சொல்லி, நோட்டில் 'மோம்' என்று எழுதி, பக்கத்தில் எண்ணை எழுதிக்கொண்டான். பதினான்கு வருஷப் பழக்கம் என்னைக் காப்பாற்றியது.

அத்தோடு விடவில்லை. மறுநாள் எல்லோரையும் ஊர்க்காவல் தெய்வத்தின் குடிசைக்கு முன் வரச்சொன்னார்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் துப்பாக்கிக் குண்டு போட்டிருந்தது. ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, கட்சிக்கே ஓட்டுப் போடுவேன், மாற்றிப் போட்டால் ரத்தம் கக்கிச் சாவேன், என் பிள்ளையும் விளங்காது என்று சொல்லிக் குடிக்க வேண்டும். குவளையை நீட்டினவன் சான்தான்.

நூடுல்ஸ் விற்கும் ரின் கேட்டாள், "ஏன் சான், ஓட்டு ரகசியம்னு ரேடியோல சொல்றாங்களே?"

"ரகசியம் உங்களுக்குள்ளதான். வானத்துல ஒரு கருவி சுத்துது. பேனா எங்க கோடு போடுதுன்னு அதுக்குத் தெரியும்."

"அப்ப மழ பேஞ்சா அதுக்குக் குட பிடிப்பீங்களா?"

ஜனங்கள் சிரித்தார்கள், ஆனால் குடித்தார்கள். என் முறை வந்தது. 'மோம் ஆகிய நான்' என்று சொல்லிக் குடித்தேன். வீட்டுக்கு வந்து மாலிஸைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சத்தியம் பெயரைப் பிடிக்குமா, ஆளைப் பிடிக்குமா? யாரிடம் கேட்பது? காட்டில் இருக்கிற கறுப்புச் சட்டைக்காரர்கள் ஓட்டுப் போடப் போகிறவர்கள் மேல் குண்டு விழும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் குண்டைவிட இந்தத் தண்ணீர்தான் பயமாக இருக்கிறது.

நீ என்ன முடிவு செய்தாய்?

அக்கா


சிசோபோன், வரவேற்பு முகாம்
4 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். எல்லைக்கு உள்ளே, நம் மண்ணில் உட்கார்ந்து எழுதுகிறேன். இறங்கியதும் தாவி குனிந்து மண்ணைத் தொட்டாள். நிமோல், "இங்க ஏன் வேலியே இல்ல?" என்று கேட்டாள். வேலிக்குள்ளேயே பிறந்த பிள்ளை.

முகாமில் பேருந்து ஏறும்போது வாயைத் திறக்கவில்லை. மூன்று பேரும் ருவன் குடும்பமாகவே ஏறினோம். இங்கே பதிவு மேசைக்கு முன் நின்றதும் நிமோல் முந்திக்கொண்டு, "எங்க அப்பா பேரு ருவன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். அப்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. ஐயா, அது என் பேர் இல்ல. அட்ட செத்துப்போனவரோடது. நான் ஊக் விசால். அரிசிய நிறுத்தணும்னா எனக்கு மட்டும் நிறுத்துங்க. இவங்களுக்கு வேண்டாம்."

எழுதிக்கொண்டிருந்தவர் நம் கம்பூச்சியர்தான், நரைத்த தலை. பேனாவை வைத்தார். "தம்பி, காலையிலேர்ந்து இது பதினோராவது ஆளு. மேல சொல்லு" என்றார்.

அரிசி கொடுத்துவிட்டார்கள். ஊக் விசால் என்று என் அட்டையில் இருக்கிறது. மகள் இனி விசால் நிமோல். செத்த ருவனின் பெயரை விகாரையில் எழுதிக் கொடுத்து முதல் தடவையாக வாசிக்கச் சொன்னோம். தாவி வெகுநேரம் அழுதாள்.

பட்டம்பாங் சாலையில் குண்டு விழுகிறது என்று எங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓட்டு இங்கேதான். சத்தியம் பற்றிக் கேட்டாய். எனக்குத் தெரியாது அக்கா. இனி உனக்கு உபதேசம் செய்ய மாட்டேன். போக வேண்டாம் என்று உன் மனம் சொன்னால் போகாதே, அதற்காக உன்மேல் எனக்கு ஒரு குண்டுமணி அளவு கூட மதிப்புக் குறையாது. நூல் இத்துடன் இருக்கிறது. மேல் முடிச்சு இடுப்பு.

உன் தம்பி
ஊக் விசால்


சங்கே ஆற்றங்கரை
30 மே 1993

என் அருமைத் தம்பி விசாலுக்கும், தாவிக்கும், செல்லம் நிமோலுக்கும்,

எல்லோரும் சுகம்தானே? ஒரு கீறல் கூட இல்லாமல் நாங்கள் இருவரும் சுகம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ கவலைப்படுவாய்.

ஓட்டு முதல் நாளுக்கு முந்தின பத்து நாளும் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஊரில் பாதிப்பேர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார்கள். யாராவது பயந்துபோய் வரமாட்டார்களோ என்று நினைத்தேன், அவர்கள் காலர் சரியில்லை என்று சண்டை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மழை கொட்டியது. தூரத்தில் இரண்டு தடவை குண்டு வெடித்தது. நான் படுக்கையில் உட்கார்ந்து போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாலிஸ் கதவைத் திறந்து, "அம்மா, இங்க வந்து பாரு" என்றாள்.

தெரு முழுக்க ஜனம். பெட்டியில் பூட்டி வைத்திருந்த சம்பொட் பட்டாடைகளையெல்லாம் உடுத்திக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் வரிசையாகப் போகிறார்கள். ஒரு கால் போனவர்கள், பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆனவள், யாரும் பாக்கியில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற கூட்டம் மாதிரி இருந்தது. விசால், நம் ஜனத்தைப் பார்த்து எனக்கு இவ்வளவு கர்வம் இதற்கு முன் ஒரு நாளும் வந்ததில்லை. நானும் உடுத்திக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. எனக்குப் பெயர் எழுதச் சொல்லிக்கொடுத்த அதே பெண்தான் மேசையில். அட்டையை வாங்கிப் பெயரை உரக்க வாசிப்பாள், கட்சிகளின் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் தாளில் குறிப்பார்கள். ஆளுங்கட்சிக்கு சான் உட்கார்ந்திருந்தான். எனக்கு முன்னால் நூடுல்ஸ் ரின். அவள் அட்டையை வாங்கி அந்தப் பெண், "கெய் சோதியவதி" என்று வாசித்தாள்.

நான் திடுக்கிட்டேன். ரின் திரும்பி என்னைப் பார்த்தாள். "எங்கப்பா டாக்டரு" என்றாள் மெதுவாக. பதினான்கு வருஷம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

அடுத்தது நான். "ஊக் மோனிரியக்ஸ்மி."

சான் தலையைத் தூக்கினான். "யாரது? இந்த ஊர்ல அப்படி யாரும் கெடையாதே."

பள்ளிக்கூடமே என்னைப் பார்த்தது. அப்பா எழுந்து நின்றது ஞாபகம் வந்தது.

"நான்தான்" என்றேன். "ஊக் மோனிரியக்ஸ்மி. மாகாண நீதிமன்ற எழுத்தர் தேப் ஊக் மகள்."

"நீங்க மோம் அக்காதானே?"

"மோம் வரல, சான். அவ தண்ணி குடிச்சு சத்தியம் பண்ணினவ. அவ வீட்ல இருக்கா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் மொத்த வரிசையும் சிரித்தது. மேசைப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு என் விரலை மையில் தோய்த்தாள். உள்ளே போய், நீளமான தாளில் எனக்குப் பிடித்த இடத்தில் கோடு போட்டேன். யாருக்கு என்று உனக்கும் சொல்லமாட்டேன்.

வெளியே வந்து மாமர நிழலில் நின்றுகொண்டு பார்த்தேன். அதற்குப் பிறகுதான் விசேஷம். வரிசையில் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மீன் விற்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், ஒருவர் மாற்றி ஒருவர், "நான்தான்", "நான்தான்" என்று முன்னால் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் புதிதாக அறிமுகம் செய்துகொண்டார்கள். எத்தனை பேர் என்னைப் போலவே இருந்திருக்கிறார்கள்!

மத்தியானம் கூட்டம் குறைந்தபோது கட்சி ஆட்களும் ஓட்டுப் போட எழுந்தார்கள். சான் தன் அட்டையைக் கொடுத்தான். அந்தப் பெண் வாசித்தாள், "கியோ விபுல்."

அவன் காது சிவந்துவிட்டது. ஓட்டுப் போட்டுவிட்டு நேராக மாமரத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றான்.

"எங்கண்ணன் வாத்தியாரு. என் கண்ணு முன்னாலதான் கூட்டிட்டுப் போனாங்க" என்றான்.

"அப்ப அந்தத் தண்ணி?"

"யாரோ சான்னு ஒருத்தன் குடுத்தான். யாரோ மோம்னு ஒருத்தி குடிச்சா. நமக்கு என்னக்கா வந்துச்சு?"

யார் ஜெயிப்பார்கள், ஜெயித்தவர்கள் எவ்வளவு தின்பார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. தின்றால் கேட்பதற்கு இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், பெயரோடு இருக்கிறார்கள். சாலை திறந்ததும் முதல் பேருந்தில் மூன்று பேரும் வாருங்கள்.

தம்பி, அரசாங்கம் என் பெயரைக் கேட்டது. எல்லோரும் கேட்கச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சோறாக்கினேன்.

உன் அக்கா
ஊக் மோனிரியக்ஸ்மி